இசைவாணரும் எசமானரும்

1977ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து வொயேஜர் என்னும் பெயருடைய இரு விண்கலங்கள் ஏவப்பட்டன. அவை ஒவ்வொன்றிலும் பொன்முலாமிட்ட செப்பு இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. என்றேனும் எங்கேனும் அறிவுடைய உயிர்கள் அதனைக் கண்டெடுக்குமாயின், மனித குலத்தின் இசை எத்தகையது என்பதை அவை அறியட்டும் என்பது அனுப்பியோரின் எண்ணம். உலகின் பல திசைகளிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட 27 இசையுருப்படிகள் அத்தட்டில் இடம்பெற்றன. பாக், மொஸார்ட், பீதோவன் ஆகியோரின் ஆக்கங்களோடு, கறுப்பின அமெரிக்கரான சக் பெரி 1958இல் வெளியிட்ட ‘ஜொனி பி. கூட்’ என்னும் றொக் பாட்டும் அவற்றுள் ஒன்று.

இச்சேர்க்கை மறுப்பின்றி நிகழ்ந்துவிடவில்லை. தெரிவில் ஆலோசனை கூறியவர்களுள் ஒருவர் அலன் லோமக்ஸ். நாட்டார் பாடல்களைச் சிற்றூர்களிலும் சிறைச்சாலைகளிலும் தேடித் தொகுத்த அறிஞர், இடதுசாரிகளின் நண்பர். அவரே றொக் இசை விடலைத்தனமானது என்று எதிர்த்தார். இவ்வுலகில் விடலைகள் ஏராளமாக வாழ்கின்றனரே என்பது குழுத்தலைவர் கார்ல் சேகனின் விடை.

இந்நிகழ்ச்சியில் ஒரு சுவை உண்டு. இதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்னர், 1956இல், பீதோவனை வழிவிட்டு விலகச் சொல்லும் பாட்டொன்றை இதே சக் பெரி பாடியிருந்தார். ‘ரோல் ஓவர் பீதோவன்’ என்பது அதன் பெயர். சிறுவயதில் வீட்டுப் பியானோவைச் செந்நெறி இசை பயின்ற தமக்கை விடாது பிடித்துக்கொண்டதன் விளைவே அப்பாட்டு என அவர் கூறியதுண்டு. வீட்டில் ஒரு பியானோவுக்குப் போட்டியிட்ட இரு இசைகளும் விண்ணில் ஒரே தட்டிற் பயணம் செய்கின்றன.

செந்நெறி இசையாசிரியரையும் இக்காலப் பொப், றொக் பாடலாசிரியரையும் ஒப்பிடுவோர் பொதுவாக இரு கட்சியினராவர். ஒரு சாரார், முன்னவர் மேதைகள், பின்னவர் சந்தைக் கூத்தாடிகள் என்பர். மறு சாரார், பின்னவரும் மேதைகளே எனச் சான்றிதழ் வழங்குவர். பீற்றில்ஸ் குழுவினர் புகழ்பெற்ற காலத்து இலண்டன் பத்திரிகைகளில் இவ்விரு குரல்களும் சில வார இடைவெளியில் ஒலித்தன. 1963 டிசெம்பரில் ‘த டைம்ஸ்’ பத்திரிகையின் இசை விமரிசகர் வில்லியம் மான், லெனனையும் மக்காட்னியையும் அவ்வாண்டின் தலைசிறந்த ஆங்கில இசையாசிரியர்களெனப் போற்றி, அவர்களுடைய பாட்டொன்றின் முடிவை மாலரின் ஆக்கமொன்றின் முடிவோடு ஒப்பிட்டார். அதே வாரத்தில் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையில் ரிச்சர்ட் பக்கிள், பீதோவனுக்குப் பின் தோன்றிய மிகப்பெரும் இசையாசிரியர் இவர்களே என்றார். 1964 பெப்ரவரியில் இடதுசாரி வார ஏடான ‘நியூ ஸ்டேற்ஸ்மன்’ இதழில் போல் ஜோன்சன் இவ்விசையைச் சமுதாயத்துக்கு நேர்ந்த அபாயமென்று சாடினார். மான் தம் பாட்டிற் கண்ட இசையிலக்கண நுட்பத்தின் பெயரைக் கேட்டபோது அது ஏதோ அயல்நாட்டுப் பறவையின் பெயர்போல ஒலித்ததென்று லெனன் பிற்காலத்தில் நகையாடினார்.

போற்றியோரும் தூற்றியோரும் ஒரே தராசைத்தான் கையிற் பிடித்திருந்தனர். தனியொருவனின் ஆற்றலை எடையிடுவதே அத்தராசின் தொழில். அம்மனிதன் எவர் வீட்டுச் சோற்றை உண்டு பாடினான், எவருடைய கருவிகளைக் கொண்டு பாடினான், பாடி முடித்த பாட்டு எவருடைய உடைமையாயிற்று என்னும் வினாக்கள் அத்தராசில் ஏறுவதில்லை. அவ்வினாக்களை எழுப்பி வரலாற்றை நோக்கின், இரு திறத்தாரையும் பற்றி நாம் கொண்டுள்ள கருத்துக்கள் பல மாறக் காண்போம்.

சீருடை அணிந்த மேதை

சிம்பொனியின் தந்தை எனப் போற்றப்படும் ஜோசப் ஹைடன் 1732இல் ஒஸ்திரியாவின் சிற்றூரொன்றில் வண்டிச்சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1761 மே முதலாம் நாள் அவர் எஸ்டர்ஹாஸி என்னும் பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஊழியத்திற் சேர்ந்தார். அன்று அவர் ஒப்பமிட்ட உடன்படிக்கை இன்றும் கிடைக்கின்றது. வெள்ளைக் காலுறையும் வெள்ளை உடையும் அணிந்து, தலைக்குப் பொடியிட்டு, குறித்த சீருடையில் அவர் தோன்றவேண்டும். நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் வெளிமண்டபத்தில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா எனப் பிரபுவின் கட்டளையைக் கேட்டறிய வேண்டும். பிரபு விரும்பும் இசையை விரும்பியபோது ஆக்கித்தர வேண்டும். அவ்வாறு ஆக்கியவற்றை வேறெவருக்கும் காட்டவோ படியெடுக்க இடமளிக்கவோ கூடாது. அனுமதியின்றிப் பிறர்க்கு எதனையும் ஆக்கவும் கூடாது. இதற்குச் சம்பளம் ஆண்டுக்கு 400 புளோரின்.

இசையின் ஒலி மட்டுமன்றி அதன் படியும் பிரபுவின் சொத்தாயிருந்தது என்பதே இவ்வுடன்படிக்கையின் சாரம். 1779இல் எழுதப்பட்ட புதிய உடன்படிக்கையிலேதான் அந்தத் தடை நீங்கிற்று. அதன் பின்னரே ஹைடன் தம் ஆக்கங்களைப் பதிப்பாளருக்குத் தங்குதடையின்றி விற்கலானார்.

இவ்வடிமைத்தனத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஒரு முழு வாத்தியக் குழு அவர் கைவசம் இருந்தது. எழுதியதை மறுநாளே வாசித்துக் கேட்கலாம். சரிவராததை வெட்டலாம், புதியதைச் சேர்க்கலாம். உலகிலிருந்து ஒதுங்கியிருந்தமையால் தாம் சுயமாகச் சிந்திக்க நேர்ந்ததென்று ஹைடனே கூறியுள்ளார். வாத்தியக் குழு என்பது பெருஞ்செலவு பிடிக்கும் கருவி. அதனை வைத்திருப்பவனே இசையாசிரியனையும் வைத்திருந்தான்.

1772இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் இங்கு நினைக்கத்தக்கது. அவ்வாண்டு பிரபு தமது கோடைகால அரண்மனையில் வழக்கத்துக்கு மேல் நாட்கடத்தினார். வாத்தியக்காரர்களோ குடும்பத்தைப் பிரிந்து ஏங்கினர். விண்ணப்பம் எழுதுவதற்குப் பதிலாக ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் வாத்தியக்காரர் ஒவ்வொருவராகத் தம் பகுதியை முடித்து, மெழுகுதிரியை அணைத்துவிட்டு எழுந்து செல்வர். கடைசியில் இரண்டு வயலின்கள் மாத்திரம் எஞ்சும். பிரபு குறிப்பை உணர்ந்து மறுநாள் புறப்பட ஆணையிட்டார் என்பர். ‘விடைபெறும் சிம்பொனி’ என்று இன்று இரசிகர் கேட்டு மகிழும் அவ்வாக்கம் விடுமுறை கேட்டு எழுந்த ஒரு தொழிற் கோரிக்கையாகும்.

அரண்மனைக்கு வெளியே

மொஸார்ட்டுக்கு அச்சீருடை பொருந்தவில்லை. சால்ஸ்பேர்க் நகரப் பேராயரின் ஊழியராக 1781இல் வியன்னாவுக்கு வந்தபோது, உணவு மேசையில் தமக்கு ஏவலாளருக்குக் கீழும் சமையற்காரருக்கு மேலும் இடம் தரப்பட்டதைத் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் அவர் மனம் நொந்து குறித்தார். விலக முனைந்தவரைப் பேராயரின் அதிகாரியான ஆர்க்கோ பிரபு காலால் உதைத்து வெளியேற்றினார். பின் பத்தாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தும், சந்தா திரட்டிக் கச்சேரி நடத்தியும், இசைநாடகம் எழுதியும் மொஸார்ட் வாழ்ந்தார். அரண்மனை வாயில் மூடியது. சந்தையின் வாயில் அரைகுறையாகவே திறந்திருந்தது.

பீதோவன் அவ்விரண்டுக்கும் நடுவில் நின்றவர். 1809இல் அவர் வியன்னாவை விட்டுச் செல்லாதிருக்கும் பொருட்டு ருடோல்ப் கோமகன், லொப்கொவிற்ஸ், கின்ஸ்கி ஆகிய மூவரும் கூடி ஆண்டுக்கு 4000 புளோரின் அளிப்பதாக உறுதி எழுதிக் கொடுத்தனர். சீருடை இல்லை; வெளிமண்டபக் காவல் இல்லை; எதை எழுதுவது என்ற கட்டளையும் இல்லை. கலைஞனின் சுதந்திரம் நிலைபெற்றுவிட்டதென்று தோன்றிய கணம் அது. ஆனால் நெப்போலியனோடு செய்த யுத்தங்களால் நொடிந்த ஒஸ்திரிய அரசு 1811இல் நாணய மதிப்பைக் குறைத்தது. 1812இல் கின்ஸ்கி குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார். லொப்கொவிற்ஸ் கடனில் மூழ்கினார். எஞ்சிய பணத்துக்காகப் பீதோவன் வழக்காட வேண்டியதாயிற்று. மூன்று செல்வரின் நல்லெண்ணத்தில் தொங்கிய சுதந்திரம் அவர்களின் செல்வத்தோடு ஆட்டங்கண்டது.

இதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே பீதோவன் இந்நிலையை உணர்ந்திருந்தார். 1801இல் பதிப்பாளர் ஹொப்மைஸ்டருக்கு விலை பேசி எழுதிய கடிதமொன்றிலே அவர் வியாபாரப் பேச்சில் அலுப்புற்று ஒரு விருப்பத்தை வெளியிடுகிறார். உலகத்திலே கலைக்கென ஒரே ஒரு பொதுக் களஞ்சியம் இருக்க வேண்டும். கலைஞன் தன் ஆக்கத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தனக்குத் தேவையானதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இப்போதோ பாதி வணிகனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் கருத்து. மார்க்ஸ் பிறப்பதற்கு 17 ஆண்டுகள் முன் எழுதப்பட்ட வரிகள் இவை. இதைக்கொண்டு அவரைப் பொதுவுடைமையாளர் என்று கூறுவது மிகையாகும். அவரே பிற்காலத்தில் தமது பெரும் திருப்பலி இசையை ஒரே வேளையில் பல பதிப்பாளருக்கு வாக்களித்தவர். பாதி வணிகனாய் இருக்க நேர்ந்ததைச் சலித்தவர் அவ்வணிகத்தைச் செவ்வையாகவே கற்றுக்கொண்டார். முரண்பாடு அவர் குணத்தில் மாத்திரம் இருக்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் இருந்தது.

‘மேதை’ என்னும் சொல் தனிப்பெருமை பெற்றதும் இக்காலத்திலேதான். எசமானின் பெயரால் அறியப்பட்ட ஊழியன் இப்போது தன் பெயரால் விற்பனையாக வேண்டியவனானான். சந்தையில் நிற்கும் சரக்குக்கு முத்திரை வேண்டும். மேதையின் பெயரே அம்முத்திரை. அப்பெயருக்குத் தகுதியில்லை என்று நாம் கூறவில்லை. ஐந்தாம் சிம்பொனியின் நான்கு சுரங்களிலிருந்து எழும் மாளிகையை எந்தப் பொருளாதார விளக்கமும் சிறிதாக்கிவிடாது. ஆனால் அம்மேதைமை வானத்திலிருந்து இறங்கியதாகக் கருதும் வழக்கத்துக்கு ஒரு பிறந்த நாளும் பிறந்த வீடும் உண்டென்பதை மறத்தல் ஆகாது.

ஆசிரியர் மகனும் பாட்டு வணிகமும்

ஷூபேர்ட் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் மகன். தந்தையின் பள்ளியிலேயே சில காலம் உதவியாசிரியராகப் பணிபுரிந்தவர். 31 வயதில், 1828இல், இறந்த அவர் அறுநூறுக்கு மேற்பட்ட பாட்டுக்களை விட்டுச் சென்றார். இன்று செந்நெறி மேடையில் பட்டாடையுடன் பாடப்படும் அப்பாட்டுக்கள் பிறந்த இடம் நண்பர்கள் கூடிய நடுத்தர வகுப்பு வீடுகளின் முன்னறைகள். ஒரு குரல், ஒரு பியானோ, சில நிமிட நேரம், காதலும் சாவும் அலைந்து திரிதலும் பொருள். இதே இலக்கணம் இக்காலப் பாடலாசிரியரின் பாட்டுக்கும் பொருந்துமன்றோ? 1815இல் அவர் எழுதிய ‘ஏர்ல்கோனிக்’ பதிப்பாளர் எவரும் துணிந்து ஏற்காமையால் 1821இல் நண்பர்கள் சந்தா சேர்த்துக் கொடுத்தே அச்சேறிற்று.

பாட்டை அச்சிட்டு விற்பதோடு வணிகம் நிற்கவில்லை. 1847இல் பாரிஸ் நகரத்து உணவுச்சாலையொன்றில் ஏர்னஸ்ட் பூர்ஷே என்னும் பாடலாசிரியர் அமர்ந்திருந்தபோது, அங்கிருந்த வாத்தியக் குழு அவருடைய பாட்டை வாசித்தது. குடித்த பானத்துக்குப் பணம் கேட்டபோது, என் பாட்டுக்கு நீங்கள் பணம் தராதபோது உங்கள் பானத்துக்கு நான் ஏன் தரவேண்டும் என்ற கருத்துப்பட அவர் வாதிட்டார். வழக்கு நீதிமன்றம் ஏறி அவருக்குச் சார்பாக முடிந்தது. அதன் பயனாக 1851இல் பிரான்சில் பாடலாசிரியர், இசையாசிரியர், பதிப்பாளர் ஆகியோரின் சங்கம் தோன்றிற்று. பொது இடத்தில் தம் பாட்டு ஒலிப்பதற்கு ஊதியம் பெறும் உரிமையை இசையுலகுக்கு இவ்வாறு ஈட்டித் தந்தவர் உயர்ந்த அரங்கத்தின் மேதை அல்லர்; உணவுச்சாலைப் பாட்டு எழுதிய ஒருவரே என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் அத்தகைய சங்கம் இல்லாத காலத்தில் வாழ்ந்தவர் ஸ்டீபன் பொஸ்டர். 1848இல் வெளிவந்த ‘ஓ சுசானா’ முதலிய அவர் பாட்டுக்கள் நாடெங்கும் ஒலித்தன. கறுப்பரின் தோட்டப் பாட்டுக்களை வெள்ளையர் முகத்திற் கரிபூசி நையாண்டி செய்த மேடைகளே அவற்றைப் பரப்பின என்பதையும் கூறவேண்டும். 1864இல் நியூயோர்க் ஆசுபத்திரியில் 37ஆம் வயதில் அவர் இறந்தபோது பணப்பையில் இருந்தது 38 சதம்.

மூன்று நிமிடங்களின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டு வந்தது. பொப் பாட்டு ஏன் மூன்று நிமிடத்தில் முடிகிறது என்று கேட்போர் பலர். இரசிகரின் பொறுமையின்மையே காரணம் என்று முடிவுகட்டுவோரும் உளர். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட ஒலியே அடங்கும் என்பது முதற்காரணம். 1913இல் ஆர்தர் நிகிஷ் தலைமையிற் பெர்லின் வாத்தியக் குழு பீதோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிவுசெய்தபோது அது எட்டுப் பக்கங்களிலே துண்டுபட்டுக் கிடந்தது. பிரபுவின் நீண்ட மாலைப்பொழுது சிம்பொனிக்கு இடங்கொடுத்தது. தட்டின் வட்டம் பாட்டுக்கு வரம்பிட்டது. சிறுமை பெருமைகளை அளக்குமுன் அளவுகோலை ஆக்கியவர் யார் எனப் பார்த்தல் நன்று.

1909ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் பாட்டின் ஒவ்வொரு இயந்திரப் படிக்கும் 2 சதம் உரிமைப்பணம் என விதித்தது. 1978 வரை அது ஏறவேயில்லை. அந்த இரண்டு சதத்தையும் பங்குபோடப் பலர் காத்திருந்தனர். 1955இல் சிக்காகோ நகரத்துச் செஸ் கம்பனியில் சக் பெரி பதிவுசெய்த முதற்பாட்டு ‘மேபலீன்’. தட்டு வெளிவந்தபோது பாடலாசிரியர் பெயராக மூவர் காணப்பட்டனர். ஒருவர் பெரி, மற்றொருவர் அலன் பிரீட் என்னும் வானொலி அறிவிப்பாளர், மூன்றாமவர் ருஸ் பிராட்டோ. பின்னிருவரும் ஒரு சொல்லும் எழுதியவரல்லர். வானொலியில் பாட்டு ஒலிப்பதற்குக் கொடுக்கப்பட்ட விலையே அலன் பிரீட்டின் பெயர். 31 ஆண்டுகள் கழிந்து 1986இலேதான் அப்பாட்டு முழுவதும் பெரியின் பெயருக்கு மீண்டது.

ஹைடனின் ஆக்கம் பிரபுவுக்குச் சொந்தமாயினும் ஹைடன் எழுதியது என்றே அறியப்பட்டது. சக் பெரிக்கோ ஆக்கியவன் என்னும் பெயரிலும் பங்கு கேட்கப்பட்டது. நிறவெறி ஆண்ட நாட்டிலே கறுப்பனின் உழைப்புக்கு நேர்ந்த இரட்டைச் சுரண்டல் இது.

டெட்ரொயிற் நகரத்து அரண்மனை

கறுப்பரே முதலாளியாயின் நிலைமை மாறாதா என வினவலாம். இதற்கு விடையாக அமைவது மோற்றவுன் கம்பனியின் வரலாறு. அதனை 1959இல் டெட்ரொயிற்றில் தொடக்கிய பெரி கோர்டி, முன்னர் மோட்டார்த் தொழிற்சாலையில் உறுப்புக்கள் பொருத்தும் வரிசையில் வேலைசெய்தவர். வெறும் சட்டம் ஒருமுனையில் நுழைந்து முழுக் காராக மறுமுனையில் வெளிவருவதுபோல் பாட்டும் பாடகரும் வெளிவரவேண்டும் என அவர் திட்டமிட்டார். சிறிய வீடொன்றே கலையகம். பாட்டெழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, தட்டு வெளிவரத் தகுமா எனத் தீர்க்க வாரந்தோறும் ஒரு கூட்டம். இளம் பாடகருக்கு நிற்கவும் நடக்கவும் உடுக்கவும் மாக்சின் பவல் என்னும் அம்மையார் பயிற்சி அளித்தார். வெள்ளைக் காலுறை அணிந்து வெளிமண்டபத்தில் நின்ற ஹைடன் இங்கு வந்திருப்பின் பலவற்றை அடையாளங் கண்டிருப்பார்.

எஸ்டர்ஹாஸி அரண்மனையைப் போலவே இங்கும் உயர்ந்த இசை பிறந்தது. திறமைமிக்க வாத்தியக் குழு நாள்தோறும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே காரணம். அக்குழுவினர் தம்மை ‘பங் சகோதரர்’ என அழைத்துக்கொண்டனர். 1960களில் உலகெங்கும் ஒலித்த எத்தனையோ மோற்றவுன் தட்டுக்களில் அவர் கைவண்ணம் உண்டு; தட்டின் உறையிலோ அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ தட்டிலேதான் அப்பெயர்கள் அச்சேறின. கம்பனியின் பெரும் பாட்டுக்களை எழுதிய ஹொலண்ட், டோசியர், ஹொலண்ட் என்னும் மூவரும் பங்குப் பணத் தகராறினால் 1968இல் விலகி நீதிமன்றம் சென்றனர். முதலாளியின் நிறம் மாறியது வரலாற்றில் ஒரு முன்னேற்றமே. ஆயினும் கூலிக்கும் உடைமைக்கும் இடையிலுள்ள உறவு அதனால் மாறிவிடவில்லை.

இரு இளைஞரும் ஒரு சிங்கமும்

இனிப் பீற்றில்ஸ் குழுவினரிடம் மீள்வோம். அவர்கள் பதிவுசெய்த அபே றோட் கலையகம் 1931இல் ஆங்கிலச் செந்நெறி இசையாசிரியர் எட்வேர்ட் எல்கரால் திறந்துவைக்கப்பட்டது. 1966இல் வெளிவந்த ‘எலினோர் றிக்பி’ பாட்டில் றொக் வாத்தியம் ஒன்றுமில்லை. நான்கு வயலின், இரு வியோலா, இரு செலோ. அவற்றுக்குரிய இசையை அமைத்தவர் செந்நெறிப் பயிற்சி பெற்ற ஜோர்ஜ் மார்ட்டின். கம்பனியில் மாதச் சம்பளக்காரராயிருந்து, விற்பனையிற் பங்கு கிடையாமையால் 1965இல் விலகித் தனி நிறுவனம் கண்டவர் அவர். வாசித்த எண்மரும் பேசிய கூலியைப் பெற்றுக்கொண்டு வீடு சென்றனர். லெனன், மக்காட்னி என்னும் இரு பெயர்களுக்குப் பின்னால் இத்தனை கைகள் இருந்தன. கச்சேரிப் பயணங்களை நிறுத்திய பின்னர் அக்கலையகத்தில் அவர்கள் மாதக்கணக்கில் தங்கிப் பரிசோதனை செய்ய முடிந்தது. ஹைடனுக்கு அரண்மனை வாத்தியக் குழு எதுவோ அதுவே இவர்களுக்குக் கலையகம். அதன் உடைமையாளர் கம்பனியினரே.

பாட்டுக்களின் உடைமை எவ்வாறிருந்தது? 1963 பெப்ரவரியில் ‘நோர்தேண் சோங்ஸ்’ என்னும் கம்பனி அமைக்கப்பட்டது. அப்போது லெனனுக்கு 22 வயது, மக்காட்னிக்கு 20. பெரும்பான்மைப் பங்கு பதிப்பாளர் டிக் ஜேம்சிடமும் அவர் கூட்டாளியிடமும் இருந்தது. ஒப்பமிட்டதன் பொருளைத் தாம் நன்கறிந்திருக்கவில்லை என மக்காட்னி பின்னாளிற் கூறியிருக்கிறார். 1965இல் அக்கம்பனியின் பங்குகள் இலண்டன் பங்குச் சந்தைக்கு வந்தன. 1969இல் கம்பனி ஏ.ரீ.வீ. நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 1985இல் மைக்கல் ஜாக்சன் அதனை 4 கோடியே 75 இலட்சம் டொலருக்கு வாங்கினார். பாட்டுரிமையில் உள்ள செல்வத்தைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னவர் மக்காட்னியே. பின்னர் அவ்வுரிமை சோனி நிறுவனத்தைச் சேர்ந்தது. 2017இல் 74 வயதான மக்காட்னி, 20 வயதில் கைவிட்டதை மீட்க நீதிமன்றம் செல்லவேண்டியிருந்தது. வழக்கு அவ்வாண்டிலேயே சமரசமாயிற்று. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. எழுதியவர் செல்வராயினர் என்பது உண்மை. ஆயினும் ஆக்கியவனைக் கேளாமலே ஆக்கம் கைமாறக்கூடும் என்பதும் உண்மை.

செல்வராகாதவர் கதை வேறு. 1939இல் தென்னாபிரிக்காவின் ஜொகானஸ்பேர்க் நகரில், இசைத்தட்டுக் கம்பனியொன்றிற் பொதிகட்டும் வேலைசெய்த சூலு இனத்தவரான சொலமன் லிண்டா, தம் குழுவினருடன் ‘எம்பூபே’ என்னும் பாட்டைப் பதிவுசெய்தார். சிங்கம் என்பது அச்சொல்லின் பொருள். அதன் உரிமைக்கு அவர் பெற்றது பத்துச் சிலிங் என்பர். அமெரிக்காவில் அத்தட்டைப் பாடகர் பீற் சீகரின் கையிற் கொடுத்தவர், நாம் தொடக்கத்திற் கண்ட அதே அலன் லோமக்ஸ். சீகரின் குழு அதனை ‘வீமோவே’ எனப் பாடிற்று. 1961இல் வேறு குழுவொன்று ‘த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என ஆங்கிலச் சொற்களிட்டுப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 1962இல் லிண்டா வறுமையில் இறந்தார். கல்லறைக் கல் நாட்டவும் குடும்பத்திடம் பணமில்லை. 1994இல் வோல்ட் டிஸ்னி கம்பனியின் ‘சிங்க அரசன்’ திரைப்படத்திலும் அப்பாட்டு ஒலித்தது. ஆசிரியன் இறந்து 25 ஆண்டின் பின் உரிமை வழித்தோன்றல்களைச் சேரும் என்னும் 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பேரரசுச் சட்ட விதியைக் கைக்கொண்டு 2004இல் வழக்குத் தொடரப்பட்டது. 2006இலேதான் இணக்கம் ஏற்பட்டு அவர் புதல்வியர்க்கு உரியது கிடைக்க வழிபிறந்தது. பேரரசு தன் ஆசிரியர்களுக்கென எழுதிய சட்டம் பேரரசு ஒடுக்கியவனின் மக்களுக்குக் கைகொடுத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இக்கதையில் இடதுசாரிகளாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. சீகர் தொழிலாளர் பாட்டைப் பாடியவர், அடக்குமுறைக்கு அஞ்சாதவர். ஆயிரம் டொலர் அனுப்பியும், மேற்கொண்டு வரும் பணம் லிண்டாவைச் சேருமென்று நம்பியும் இருந்தார். ஆனால் மக்கள் பாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது என்னும் நல்ல கொள்கை, பதிப்பாளரின் கணக்குப் புத்தகத்திற் புகும்போது யாருக்கும் உரியதன்று, ஆகவே எனக்கே உரியது என்று மாறிவிடும். நல்லெண்ணம் உடைமை உறவை மாற்றாது.

எதனை ஒப்பிடுவது?

2016இல் பொப் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது பழைய விவாதம் புத்துயிர் பெற்றது. பாட்டுக்காரன் கவிஞனா என்று எழுதிக் குவித்தார்கள். 2020 டிசெம்பரில் அதே டிலன் தம் அறுநூறுக்கு மேற்பட்ட பாட்டுக்களின் உரிமையை யூனிவேர்சல் நிறுவனத்துக்கு விற்றார். விலை வெளியிடப்படவில்லை, 30 கோடி டொலருக்கு மேலென்று பத்திரிகைகள் எழுதின. அச்செய்தி பெரும்பாலும் வணிகப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஷூபேர்ட்டும் அறுநூறுக்கு மேற்பட்ட பாட்டுக்கள் எழுதியவர். முதலாவதை அச்சிட நண்பர்கள் சந்தா சேர்த்தனர். இருவரின் இசையில் எது உயர்ந்தது என்று இரவிரவாக வாதிடலாம். ஒரு பாட்டு எவ்வாறு பங்குப் பத்திரம்போல் வாங்கிவைக்கும் மூலதனமாயிற்று என்னும் வினாவே நமக்கு அதிகம் கற்பிக்கும்.

இன்று தட்டும் மறைந்து வருகிறது. இணையத்தின் வழியே பாட்டு ஒருமுறை ஒலித்தால் ஒரு சதத்தின் சிறு கூறு உரிமையாளர் கணக்கிற் சேர்கிறது. அதிலும் கம்பனியின் பங்கு கழிந்த பின்னரே ஆக்கியவனுக்கு எஞ்சியது. கோடிக்கணக்கில் ஒலிக்கும் சிலர் செல்வராகின்றனர். ஏனையோர் பகலில் வேறு தொழில் செய்து இரவிற் பாட்டெழுதுகின்றனர். சீருடை இல்லை, ஆனால் வெளிமண்டபத்திற் காத்து நிற்றல் முடிந்துவிட்டது என்று கூறமுடியாது.

வகுப்பறையில் ஒரு மாணவன் நம்மிடம் பீதோவன் பெரியவரா, பீற்றில்ஸ் பெரியவரா என்று கேட்பானாயின் நாம் என்ன சொல்வது? அவன் விரும்பும் பாட்டைக் குப்பை என்று தள்ளுவது ஆசிரியருக்கு எளிது. அதுவும் மேதையின் ஆக்கமே என்று அவனைத் தட்டிக்கொடுப்பது அதனினும் எளிது. இரண்டும் அவனை வினா எழுப்பிய இடத்திலேயே விட்டுவிடும். நான்கு சுரங்கள் எவ்வாறு ஒரு சிம்பொனியாக விரிகின்றன என்பதையும், மூன்று நிமிடங்களுக்குள் ஒரு தனிமைப் பெண்ணின் வாழ்வும் சாவும் எவ்வாறு அடங்குகின்றன என்பதையும் அவன் காதாற் கேட்டறியட்டும். கேட்ட பின், இதை வாசித்தவர் யார், அவர் பெயர் எங்கே, இது யாருடைய உடைமை, இதிலிருந்து வரும் பணம் எங்கே போகிறது என்றும் கேட்கப் பழகட்டும். இவ்விருவகைக் கேள்வியும் இசையறிவின் பகுதிகளே.

1801இல் பீதோவன் கனவுகண்ட பொதுக் களஞ்சியம் இன்னும் எழுப்பப்படவில்லை. உலகத்துப் பாட்டெல்லாம் ஒரே இடத்தில் திரண்டு கிடக்கும் களஞ்சியங்கள் இன்று உண்டு; அவற்றின் திறவுகோல்கள் கம்பனிகளிடம் இருக்கின்றன. பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்னும் முதற்பாதி நிறைவேறிவிட்டது. தேவையானதைப் பெற்றுக்கொள்ளலாம் என்னும் மறுபாதி இன்னும் மிகுதியாயிருக்கிறது. அது இசைவாணர் மாத்திரம் தனித்து நின்று தீர்க்கக்கூடிய கணக்கன்று.